பேசும் ஆங்கிலம் இருக்கட்டும், அறிக்கை எழுதும் ஆங்கிலத்தைக் கற்றுத்தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழில் வரும் ஆங்கிலம் கற்பிக்கும் பகுதியைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். அறிமுகம் செய்துகொள்வது, தொலைபேசியில் பேசுவது, நேர்காணலில் பதில் சொல்வது என்று எல்லாம் நன்றாகத்தான் போகிறது. ஆனால் ஒரு அறிக்கையை எப்படி எழுதுவது, ஒரு கையேட்டை எப்படிப் படிப்பது என்று அதில் ஒரு நாளும் வந்து நான் பார்த்ததில்லை. எங்களைப் போன்றவர்களுக்கு வேலையில் ஆங்கிலம் தேவைப்படுவதே அந்த இரண்டுக்குத்தான். பேச்சு தமிழிலேயே ஓடிவிடும், எழுத்தைத்தான் ஆங்கிலத்தில் கேட்பார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேதிப்பொருள் ஆலை ஒன்றில் கருவிப் பராமரிப்புப் பிரிவில் 24 வருடமாக வேலை செய்கிறேன். சேர்ந்த இரண்டாம் வருடம் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால்தான் நான் கேட்பது என்னவென்று புரியும்.

இரவு ஷிஃப்ட். ஒரு கலனில் சூடேறிக்கொண்டிருந்த சரக்கு திடீரென்று சூடு இறங்கத் தொடங்கியது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் குளிர்நீர் வால்வு திறந்து கிடந்தது. சூடேற்றும் நேரத்தில் அது மூடியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் இருந்த கைவால்வை மூடினேன், தண்ணீர் நின்றது, ஆனால் சரக்கு போனது போனதுதான். "காலைக்குள்ள ரிப்போர்ட் எழுதி வச்சுட்டுப் போப்பா" என்றார் ஷிஃப்ட் பொறுப்பாளர். அதுவரை நான் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதியதில்லை.

மனதில் இருந்தது ஒரே வரிதான்: வால்வு திறந்து கிடந்தது. தமிழில் அதில் குறையே இல்லை. யார் திறந்தார் என்ற பேச்சே அந்த வாக்கியத்தில் கிடையாது. ஆனால் "திறந்து கிடந்தது" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த ஆங்கில வாக்கியமெல்லாம் ராமன் பந்தை அடித்தான் வகை. யார், என்ன செய்தார், எதைச் செய்தார். அந்த அச்சில் ஊற்ற வேண்டுமென்றால் செய்த ஆள் ஒருவர் வேண்டும். நான் ஒரு ஆளைப் போட்டேன். "த ஆபரேட்டர் லெஃப்ட் த வால்வ் ஓப்பன்" என்று எழுதினேன். ஆபரேட்டர் வால்வைத் திறந்து போட்டுவிட்டார் என்று அதற்குப் பொருள். அதை நான் பார்க்கவில்லை. அப்படி நான் நினைக்கவும் இல்லை. எனக்கு வாக்கியம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

அந்த ஒரு வரியை வைத்து அன்றைக்கு ஷிஃப்டில் இருந்த ஆபரேட்டர் அண்ணனை வேலைநீக்கம் செய்யாத குறையாக நிறுத்தி வைத்தார்கள். பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் வேறொருவர் பொறுப்பில் இருக்கும்போது அதே வால்வு தானாகத் திறந்துகொண்டது. அது காற்றழுத்தம் இருந்தால் மூடியிருக்கும், காற்று போனால் ஸ்பிரிங் விசையில் திறந்துகொள்ளும் வகை. கழற்றிப் பார்த்தால், காற்று வரும் நைலான் குழாயில் இணைப்புக்குப் பக்கத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

இதில் என்னை இன்றைக்கும் தூங்கவிடாதது வேறு ஒன்று. அன்று இரவு வால்வுக்குப் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு ஒரு சத்தம் கேட்டது. மெலிதாக, "ஸ்ஸ்ஸ்" என்று. அதை எழுத நினைத்தேன். அந்தச் சத்தத்துக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று தெரியவில்லை. யாரைக் கேட்பது, நேரமும் இல்லை. விட்டுவிட்டேன். அந்த வரி இருந்திருந்தால் மறுநாளே யாராவது குழாயைப் பார்த்திருப்பார்கள். "ஹிஸ்ஸிங் சவுண்ட்". இரண்டே வார்த்தை.

அண்ணன் வேலைக்குத் திரும்பிய அன்று நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன், சத்தம் உட்பட. அவர் கோபப்படவில்லை. "தம்பி, தெரியலன்னா அத தமிழ்லயாவது எழுதியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கப்புறம்தான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். எங்கள் பிரிவுக்கு அப்போது புதிதாக வந்திருந்த மூத்த பொறியாளர் ஒரு அம்மையார், என் அந்த அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"நீங்க உள்ள போனப்ப என்ன பார்த்தீங்க?"

"வால்வு தொறந்து கெடந்துச்சு மேடம்."

"அவ்வளவுதானே? அத மட்டும் எழுதுங்க. த வால்வ் வாஸ் ஃபவுண்ட் ஓப்பன். வால்வு திறந்த நிலையில் காணப்பட்டது. யார் திறந்தாங்கன்னு இதுல இல்ல பாருங்க."

பள்ளியில் செய்வினை, செயப்பாட்டுவினை என்று மாற்றி மாற்றி எழுதவைத்தார்கள். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நமக்குத் தெரியாத ஆளின் தலையில் பழியைப் போடாமல் இருக்கத்தான் அந்த வினை அறிக்கையில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் அவரே காட்டினார். "இட் வாஸ் டிசைடட்" என்று மேலிடத்து அறிக்கைகளில் வரும். முடிவு செய்யப்பட்டது. யாரால்? முடிவெடுத்தவர் யார் என்று தெரிந்திருந்தும் மறைக்க அதே வினை உதவுகிறது. தெரியாததைத் தெரியாததாக விடலாம், தெரிந்ததை மறைக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தை எந்த இலக்கணப் பயிற்சிப் புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

அவர் எனக்குப் பழக்கிய முறையைத்தான் இப்போது என்னிடம் வரும் இளையவர்களுக்கு நான் பழக்குகிறேன். முதலில் நடந்ததைத் தமிழிலேயே எழுதச் சொல்வேன், வாயில் வருகிற மாதிரி. பிறகு மூன்று நிறப் பேனா கொடுப்பேன். கண்ணால் பார்த்ததற்கு ஒரு நிறம், பிறர் சொல்லக் கேட்டதற்கு ஒரு நிறம், நாமாக நினைத்ததற்கு ஒரு நிறம். அடிக்கோடு போடச் சொல்வேன். இதில் ஒரு அழகு இருக்கிறது. தமிழில் எழுதினால் இந்த மூன்றும் வினையிலேயே தெரிந்துவிடும். "மோட்டார் நின்றது" என்றால் பார்த்தது. "நின்றதாம்" என்றால் கேட்டது. "நின்றிருக்கும்", "நின்றுவிட்டது போலிருக்கிறது" என்றால் நினைத்தது. ஒரு "ஆம்" போதும், நான் அங்கே இல்லை என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஒட்டிக்கொள்ளும் விகுதி கிடையாது. தனியாகச் சொல்லியாக வேண்டும். "அக்கார்டிங் டு த ஆபரேட்டர்" என்று போட வேண்டும், இல்லையென்றால் "ரிப்போர்ட்டட்லி". நினைத்ததற்கு "அப்பியர்ஸ் டு", "மே ஹாவ்", "இஸ் லைக்லி டு". தமிழில் எழுதும்போது தானாக வரும் இந்த நேர்மை, ஆங்கிலத்துக்குப் போகும்போது வழியில் உதிர்ந்துவிடுகிறது. கேட்டதும் நினைத்ததும் எல்லாம் பார்த்தது போலாகிவிடுகிறது. என் அறிக்கையில் நடந்தது அதுதான்.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு அறிக்கை எழுதும் புத்தி இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புத்தி தமிழில் முழுதாக இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எங்கே வைப்பது என்று காட்டத்தான் ஆள் இல்லை.

சத்தங்களுக்கு வருகிறேன். எந்திரத்தோடு வேலை செய்கிறவனுக்குப் பாதி நோய் காதில்தான் தெரியும். தமிழில் அதற்கு எத்தனை சொல்! கடகட, கரகர, கிரீச், ஙொய், டொக்கு டொக்கு, குமுகுமு. ஷிஃப்ட் மாறும்போது "அந்தப் பம்பு ராத்திரியிலேர்ந்து கரகரங்குது" என்றால் அடுத்தவருக்கு எல்லாம் புரிந்துவிடும். அதே ஆள் பதிவேட்டில் எழுதுவது என்ன தெரியுமா? "அப்நார்மல் சவுண்ட்". வழக்கமில்லாத சத்தம். கடகடவும் அதுதான், கிரீச்சும் அதுதான். மூன்று மாதப் பதிவேட்டைப் புரட்டினாலும் எந்தப் பம்பு எப்படிச் சத்தமிட்டது என்று கண்டுபிடிக்க முடியாது. ஆங்கிலத்திலும் இதற்கெல்லாம் சொல் இருக்கிறது. ஹிஸ், ஹம், ராட்டில், நாக், ஸ்குவீல், கிரைண்டிங். காற்று கசிந்தால் ஹிஸ். தளர்ந்த பாகம் கடகடத்தால் ராட்டில். பெல்ட் வழுக்கிக் கிரீச்சிட்டால் ஸ்குவீல். இவற்றை ஒரு அட்டையில் தமிழ்ச் சத்தத்தோடு சேர்த்து எழுதி எங்கள் பதிவேட்டு மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். அது கிழிந்து மூன்று தடவை மாற்றி எழுதியாகிவிட்டது.

இனி படிப்பது. கையேடு என்றால் முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும் என்று நினைத்து, பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் மூடி வைத்தவர்கள் எத்தனையோ பேர். நானும் அப்படித்தான் இருந்தேன். கையேடு, அகராதி போன்ற நூல் எதுவாக இருந்தாலும் அது தேடுவதற்காகச் செய்தது. பின்பக்கம் அகரவரிசைச் சொல்லடைவு இருக்கும், முன்பக்கம் பொருளடக்கம் இருக்கும், நடுவில் "சீ ஆல்சோ" என்று இன்னொரு பக்கத்துக்குக் கைகாட்டும். வழி தெரிந்தால் ஐந்நூறு பக்கத்தில் நமக்கு வேண்டிய ஒன்றரைப் பக்கத்துக்கு இரண்டு நிமிடத்தில் போய்விடலாம். தேடத் தெரிவதும் கற்றுக்கொண்டு வருவதுதான். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொன்ன முதல் அகராதி என்று ராபர்ட் காட்ரி 1604-இல் வெளியிட்டதைச் சொல்கிறார்கள். சுமார் 2,500 சொற்கள்தான். அதன் முன்னுரையில் அவர், முதலில் எழுத்துகளின் வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், சொல் இந்த எழுத்தில் தொடங்கினால் புத்தகத்தின் தொடக்கத்தில் பாருங்கள், அந்த எழுத்தில் தொடங்கினால் கடைசிப் பக்கமாகப் பாருங்கள் என்று ஆங்கிலேயர்களுக்கே சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. நம் பக்கமும் நிகண்டுகள் பாட்டாக இருந்தன, மனப்பாடம் செய்துகொள்வார்கள். வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் வந்த பிறகுதான் அகரவரிசையில் தேடிப் பார்க்கும் பழக்கத்துக்கு வழி பிறந்தது. அவர்களுக்கே சொல்லித்தர வேண்டியிருந்ததை நமக்குச் சொல்லித்தராமல் விட்டால் எப்படி?

அகராதியில் சொல்லைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. ஒரு கையேட்டில் "எக்ஸெஸிவ் ப்ளே" என்று இருந்தது. எங்கள் பையன் ஒருவன் அகராதியைப் பார்த்து, "ப்ளே என்றால் விளையாட்டு, இங்கே எப்படிப் பொருந்தும்?" என்று வந்து நின்றான். கீழே ஏழாவதோ எட்டாவதோ பொருளாக, இரண்டு பாகங்களுக்கு இடையே இருக்கும் தளர்வு என்று இருந்தது. நாங்கள் தினமும் "கப்ளிங்ல ஆட்டம் இருக்கு" என்று சொல்கிறோமே, அதுதான். தமிழில் ஆட்டம் என்றால் விளையாட்டும் உண்டு, தளர்வும் உண்டு. அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதே போல "ஜர்னல்" என்றால் பத்திரிகை மட்டுமில்லை, பேரிங்குக்குள் சுழலும் தண்டின் பகுதியும் ஜர்னல்தான். முதல் பொருளோடு நின்றுவிடாதே, வாக்கியத்தில் உட்கார்த்திப் பார், உட்காரவில்லை என்றால் கீழே போ என்று இப்போது எல்லோரிடமும் சொல்கிறேன். இன்னொன்று, சொல்லுக்குப் பக்கத்தில் நல்ல அகராதிகள் ஒரு குறி போட்டிருக்கும், எண்ணக்கூடியதா எண்ண முடியாததா என்று. "டேமேஜ்" சேதம். அதோடு "ஸ்" சேர்த்து "டேமேஜஸ்" என்று எழுதினால் அது வழக்குமன்றத்தில் கேட்கும் இழப்பீடு. பம்புக்கு டேமேஜஸ் என்று நாங்கள் எத்தனை அறிக்கையில் எழுதியிருக்கிறோம்!

கையேட்டு வாக்கியங்களில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது. தமிழில் நிபந்தனை முன்னால் வரும். "தண்டு சுழல்வது நின்ற பிறகு மூடியைத் திற." காது கேட்கிற வரிசையிலேயே கை செய்தாலும் தப்பில்லை. ஆங்கிலத்தில் பல நேரம் தலைகீழாக இருக்கும். "ஓப்பன் த கவர் ஆஃப்டர் த ஷாஃப்ட் ஹாஸ் ஸ்டாப்டு." சொல் சொல்லாகப் படித்துக்கொண்டே வேலை செய்பவன் முதல் மூன்று சொல்லில் மூடியைத் திறந்துவிடுவான். ஆகவே புள்ளி வரும் வரை கையை வைக்காதே என்பது எங்கள் பிரிவில் சட்டம். ஒவ்வொரு வாக்கியத்தையும் புள்ளி வரை படித்து, தமிழில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்க வேண்டும். நேரமாகிறதே என்று சொல்வார்கள். ஆகட்டும்.

"ஷால்", "ஷுட்", "மே" மூன்றையும் ஒன்றாகவே படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பன்னாட்டுத் தர ஆவணங்களில் இவற்றுக்குக் கறாரான பொருள் உண்டு. ஷால் என்றால் செய்தே ஆக வேண்டும். ஷுட் என்றால் செய்வது நல்லது என்ற பரிந்துரை. மே என்றால் செய்ய அனுமதி உண்டு. ஒரு பக்கத்தில் ஷால் வருகிற இடங்களை மட்டும் வட்டமிட்டுப் பார்த்தாலே கட்டாயம் எது என்று தெரிந்துவிடும்.

கையேட்டு ஆங்கிலம் கடினம் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென்றே 1986-இல் ஒரு எளிமையாக்கிய ஆங்கிலத்தை வகுத்தார்கள். இன்று அது பல தொழில்களுக்கும் பரவியிருக்கிறது. செய்முறை வாக்கியம் 20 சொல்லுக்கு மேல் போகக் கூடாது, விளக்க வாக்கியம் 25 சொல்லுக்கு மேல் போகக் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். "க்ளோஸ்" என்றால் மூடு மட்டும்தான். அருகில் என்று சொல்ல வேண்டுமானால் "நியர்" என்றுதான் எழுத வேண்டும். உலகமெல்லாம் விமானத்தைப் பிரித்துப் பூட்டுகிற ஆட்களுக்கு இந்த அளவு ஆங்கிலம் போதும் என்றால் நமக்கு மட்டும் ஏன் அலங்கார ஆங்கிலம்? அதே போல, நியூசிலாந்தில் ஆவ்ரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000-ஆம் ஆண்டில் 570 சொற்குடும்பங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். எந்தத் துறையின் பாடநூலானாலும் ஆய்வுக்கட்டுரையானாலும் அதில் வரும் சொற்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்று இந்தப் பட்டியலில் இருக்கும். இண்டிகேட், அக்கர், ரிக்வயர், சஃபிஷியன்ட், ப்ரொசீஜர் போன்ற சொற்கள். வாரம் பத்து என்று வைத்தாலும் ஒரு வருடத்தைக் கொஞ்சம் தாண்டினால் முடிந்துவிடும். எட்டாத தூரமில்லை.

ஆங்கிலம் நன்றாக வருகிறவர்களின் அறிக்கை நன்றாக இருக்கும் என்ற நம்பிக்கையையும் விட வேண்டும். போர் நடந்துகொண்டிருந்த 1940 ஆகஸ்டில் சர்ச்சில் தன் அரசு அதிகாரிகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அறிக்கைகள் மிக நீளமாக இருக்கின்றன, முக்கியமான செய்திகளைச் சின்னச் சின்னப் பத்திகளில் கொடுங்கள், விரிவான அலசலும் புள்ளிவிவரமும் இருந்தால் பின்னிணைப்புக்குப் போகட்டும் என்று. வளவள வாக்கியங்களை உதாரணம் காட்டி, இவற்றை ஒரே சொல்லில் முடிக்கலாம் அல்லது விட்டே விடலாம் என்றும் எழுதினார். அவர்கள் எல்லோருக்கும் ஆங்கிலம் தாய்மொழி.

இன்னொன்றை எப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கும். 2003-இல் கொலம்பியா விண்கலம் புறப்படும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து நுரைத்துண்டு ஒன்று பிய்ந்து இடது இறக்கையில் அடித்தது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே அது ஆபத்தா என்று பொறியாளர்கள் கணக்குப் போட்டு மேலாளர்களுக்கு ஒரு படவில்லையில், அதாவது ஸ்லைடில், காட்டினார்கள். தலைப்பைப் படித்தால் ஓரளவு பயமில்லை என்பது போல இருக்கும். கடைசி வரியில், மிகச் சிறிய எழுத்தில், அடித்த துண்டின் அளவு 1,920 கன அங்குலம், சோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம் என்று இருந்தது. அறுநூற்று நாற்பது மடங்கு! அந்த ஒரு வில்லையில் "சிக்னிஃபிகன்ட்" என்ற சொல் ஏதாவது ஒரு வடிவில் ஐந்து இடத்தில் வருகிறது, எவ்வளவு என்று எங்கும் சொல்லாமல். பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட 7 பேரும் இறந்துபோனார்கள். அந்த வில்லை ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதைப் படிக்கும் ஒரு மேலாளருக்கு இது உயிர் போகும் விஷயம் என்று உறைக்காமல் போயிருக்கலாம் என்று விசாரணைக் குழுவே தன் அறிக்கையில் எழுதியிருக்கிறது. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லாத ஆங்கிலம்தான் அது. முதலில் வர வேண்டியது கடைசியில் வந்துவிட்டது, எண் வர வேண்டிய இடத்தில் பெயரடை வந்துவிட்டது.

இதைச் சொன்ன பிறகு எங்கள் ஆட்கள் "ஹை டெம்பரேச்சர்" என்று எழுதுவதை விட்டுவிட்டார்கள். எத்தனை டிகிரி, எத்தனை மணிக்கு என்று எழுதுகிறார்கள். தேதியையும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதச் சொல்லியிருக்கிறேன். 03/04 என்றால் சிலருக்கு ஏப்ரல் 3, சிலருக்கு மார்ச் 4. இரவு ஷிஃப்டில் 12 மணி என்று எழுதினாலும் இதே குழப்பம், அதனால் 24 மணி நேரக் கணக்கு.

இப்போது எல்லாம் கைபேசியே மொழிபெயர்த்துவிடுகிறதே, எதற்குக் கற்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சென்ற மாதம் ஒரு பையன் "வால்வு திறந்திருந்தது" என்று தமிழில் போட்டு வந்ததை அப்படியே ஒட்டிவிட்டான். "த வால்வ் வாஸ் ஓப்பன்டு" என்று இருந்தது. திறந்திருந்தது வேறு, திறக்கப்பட்டது வேறு. "வாஸ் ஓப்பன்" என்றால் நிலை, "வாஸ் ஓப்பன்டு" என்றால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கடைசியில் ஒட்டிய இரண்டே எழுத்து. எனக்கு அந்தப் பதினொரு நாள் ஞாபகம் வந்துவிட்டது. கைபேசியைப் பயன்படுத்தட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் வந்த வாக்கியம் தான் பார்த்ததைத்தான் சொல்கிறதா என்று சரிபார்க்கிற அளவுக்காவது அவனுக்குத் தெரிய வேண்டும். கீழே கையெழுத்து அவனுடையது.

நிறுவனங்களை நடத்துகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. தொழிலாளி முதலில் தமிழில் எழுதட்டும், அந்தத் தாளையும் ஆங்கில அறிக்கையோடு சேர்த்தே வையுங்கள். தவறு நேர்ந்தால் எது கண்டது, எது மொழியில் புகுந்தது என்று திரும்பிப் பார்க்க ஒரு வழி இருக்கும்.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். வாரத்தில் ஒரு நாள், கால் பக்கம் போதும். ஒரு வாரம் ஒரு கையேட்டுப் பத்தியைக் கொடுத்து அதை எப்படிப் படிப்பது என்று காட்டுங்கள். மறு வாரம் ஒரு சம்பவத்தைத் தமிழில் கொடுத்து அதை ஐந்து வாக்கிய அறிக்கையாக எழுதிக் காட்டுங்கள். என்னைப் போன்ற ஆலைக்காரர்களுக்கு மட்டுமில்லை. ஆய்வகத்தில் இருப்பவர்கள், மருத்துவமனையில் ஷிஃப்ட் ஒப்படைக்கும் செவிலியர்கள், கிடங்குக் கணக்கு எழுதுகிறவர்கள், முதல் ஆய்வுக்கட்டுரையோடு தடுமாறும் மாணவர்கள் எல்லோருக்கும் இதே பாடுதான்.

முதல் வாரத்துக்கு என் அந்தப் பழைய அறிக்கையையே போடலாம். பெயர்களை நீக்கி, நான் அன்றைக்கு எழுதியதையும், இன்றைக்கு எழுதினால் எப்படி எழுதுவேன் என்பதையும் இத்துடன் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். புதியதில் மூன்றாவது வாக்கியம்: "வால்வுக்கு அருகில் மெலிதான ஹிஸ்ஸிங் சவுண்ட் கேட்டது; எங்கிருந்து என்று பார்க்கவில்லை." ஆபரேட்டர் அண்ணன் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார். தங்கள் நாளிதழைத் தினமும் வாசிக்கிறவர்தான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கருவிப் பராமரிப்புத் தொழில்நுட்பப் பணியாளர்